தற்காலிகமாக வீசும் காற்று

வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் கடற்பரப்புகளுக்கான வானிலை வரும். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை காற்று எந்தத் திசையில் வீசும், எவ்வளவு வேகம், கடல் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டு போய், முடிவில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பார்கள். இடியுடன் கூடிய மழை பெய்யும் இடங்களில் காற்று தற்காலிகமாக மணித்தியாலத்துக்கு 70 முதல் 80 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம், கடலும் தற்காலிகமாகக் கொந்தளிக்கலாம் என்பது அதன் சாரம். பருவம் மாறும் மாதங்களில் பெரும்பாலான நாட்களில் இதே வாசகம்தான். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அதனாலேயே யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

‘தற்காலிகமாக’ என்பது தரையில் ஆறுதலான சொல். தற்காலிகக் கொட்டில், தற்காலிக வேலை என்றால் கொஞ்ச நாளில் நிலைமை மாறிவிடும் என்று பொருள். கடலில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. பதினெட்டு அடிப் படகு கவிழ்வதற்குப் பத்து நிமிடம் தேவையில்லை, பத்து விநாடி போதும். காற்று அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும், கடலும் மாலைக்குள் அடங்கிவிடும். அதற்குள் கவிழ்ந்த படகுக்கு அந்த ஓய்வால் பயனில்லை.

மன்னார்க் கடற்றொழிலாளருக்குக் காற்று புதிதல்ல. தீவின் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீற்றர். குன்றோ மலையோ இல்லாத மணல் தரை. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா. மேற்கு முனையில் தலைமன்னார், அதற்கப்பால் தனுஷ்கோடி வரை விட்டுவிட்டுக் கிடக்கும் மணல் தீடைகள். இந்தியத் தரைக்கும் இலங்கைத் தரைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த வாசலுக்குள் நுழையும் தென்மேல் பருவக்காற்று நெருக்குண்டு வேகம் கூடுகிறது. இலங்கை மின்சார சபை ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணைக்கு இந்தத் தீவின் தென்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் காற்றுத்தான் காரணம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த 30 காற்றாலைகள் இப்போது கடலிலிருந்து திரும்பி வருவோருக்குக் கரை அடையாளமாகவும் நிற்கின்றன. 

இந்தத் தீவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அதற்கு இரண்டு கடல். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றான சோழகம் வீசும்போது தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். எந்தக் காலத்தில் எந்தக் கரையில் வள்ளத்தை இறக்குவது என்பது பேசாலையிலும் தலைமன்னாரிலும் தாழ்வுபாட்டிலும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. ஆனால் அடங்கிய கரையில் ஒரு பொறி இருக்கிறது. சோழகத்தில் வடகரை அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் குளம் போலத் தெரியும். இரண்டு, மூன்று கிலோமீற்றர் போன பிறகுதான் காற்றின் முழுப் பலமும் படகில் படும். அங்கே எஞ்சின் நின்றாலோ பாய் கிழிந்தாலோ படகு கரைக்கு ஒதுங்காது. பாக்கு விரிகுடாவின் நடுவுக்குத் தள்ளுண்டு போகும். திரும்பி வருவதற்கு எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்த காற்றுகள். நாள் தெரியும், திசை தெரியும். புயலுக்குக்கூட இப்போது பெயர் வைத்து, பல நாள் முன்பே பாதை வரைந்து காட்டிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் அந்தக் காலத்தில் பெயரில்லாமல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வடக்கைக் குறுக்கே கடந்து, மறுநாள் மன்னார் பக்கமாகக் கடலில் இறங்கிய புயலுக்கு ‘புரெவி’ என்று பெயர். அது வருகிறது என்று முன்பே தெரிந்ததால் படகுகளைக் கரையில் ஏற்றி வைக்க அவகாசம் கிடைத்தது.

சிறு படகைக் கவிழ்க்கும் காற்றுக்குப் பெயர் வைப்பதில்லை. வரைபடத்தில் சுழியாகத் தெரியும் அளவுக்கு அது பெரியதல்ல. சில கிலோமீற்றர் அகலத்துக்கு வரும், அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும். பேசாலைக்கு நேரே ஒரு படகு கவிழும்போது தலைமன்னார்க் கரையில் மணல் பறக்காமலும் இருக்கலாம். எந்தக் கடலில், எத்தனை மணிக்கு என்று வளிமண்டலவியல் திணைக்களத்தால் சொல்ல முடியாததால்தான் அறிவித்தலில் அந்தப் பொதுவான வாசகம் இடம்பெறுகிறது. அது திணைக்களத்தின் அசட்டை அல்ல. இடி மேகத்தின் இயல்பு அப்படி.

அந்த இயல்பை அறிந்துகொள்வது கடினமில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் மன்னாருக்கு நேர் மேலே நிற்கும். பருவக்காற்று இரண்டும் ஓய்ந்திருக்கும் காலம் அது. கடலும் நிலமும் காய்ந்து, ஈரக் காற்று மேலெழுந்து, பிற்பகலில் பெருநிலப் பக்கம் மேகம் கோபுரமாக எழும். ஐப்பசியிலும் இதே கதைதான். மேகத்துக்குள் மழைத்துளிகள் கனத்து விழத் தொடங்கும்போது காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கின்றன. விழும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாவதால் அந்தக் காற்று மேலும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது நேராகக் கீழே வந்து கடலில் மோதி, தரையில் குடத்து நீரைக் கவிழ்த்தால் நாலாபக்கமும் பரவுமே, அப்படிப் பரவுகிறது. பரவும் காற்றின் முன் விளிம்பு மழையை முந்திக்கொண்டு வரும். ஆகவே மழை வந்த பிறகு பார்ப்போம் என்று இருப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

அது அடையாளம் காட்டாமல் வருவதில்லை. முதலில் வழக்கமான கடற்காற்று தளர்ந்து நின்றுவிடும். பாய் தொங்கும். இந்த அமைதியை ஓய்வு என்று நினைப்பது பெரிய பிழை. அடுத்து, மேகத்தின் அடிவயிறு கறுத்து, அதன் முன்னால் சுருட்டி வைத்த பாய் போல ஒரு தாழ்ந்த மேகம் கிடையாக நீளும். தூரத்துக் கடலில் ஒரு கருங்கோடு தெரியும். காற்று நீர்மேல் இறங்கிச் சிற்றலைகளைக் கிளப்புவதால் தெரியும் நிறம் அது. கோட்டுக்குப் பின்னால் வெள்ளை நுரை தெரிந்தால் காற்று பலமானது. கடைசியாக முகத்தில் சில்லென்று ஒரு வீச்சு, பெரும்பாலும் அதுவரை வீசிய திசைக்கு மாறான திசையிலிருந்து. அந்தக் குளிர் பட்ட பிறகு மிஞ்சுவது நிமிடக் கணக்குத்தான்.

நேரத்தை அளக்க இடியே உதவும். மின்னல் கண்டதிலிருந்து முழக்கம் கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் கிடைக்கும். முப்பது எண்ணினால் மேகம் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. குளிர்காற்றின் விளிம்பு மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் பதினைந்து நிமிடத்தில் படகைத் தொடும். மேகத்துக்கு முன்னாலேயே அந்த விளிம்பு ஓடிவருவதால் அதைவிடக் குறையவும் கூடும். கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் இருக்கும் எஞ்சின் படகுக்குக் கரை சேர ஏறத்தாழ அதே பதினைந்து நிமிடம் வேண்டும். பாய் விரித்த வள்ளத்துக்கு அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆகவே பெரும்பாலான வேளைகளில் ஓடிப்போய்க் கரையேற முடியாது. நின்ற இடத்திலேயே காற்றை எதிர்கொள்ளத் தயாராவதே வழி. இதை ஏற்றுக்கொள்ள மனம் இலேசில் இடம் கொடுக்காது. கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று முழு வேகத்தில் ஓட்டி, பின்னாலிருந்து வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடுவதும் நடக்கிறது.

காற்றின் பலத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. வேகம் இரட்டித்தால் காற்று தள்ளும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. பத்துச் சதுர மீற்றர் பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் காற்றில் அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 19 கிலோகிராம் எடைக்குச் சமம். 40 கிலோமீற்றரில் 75 கிலோகிராம், ஒரு வளர்ந்த ஆளின் எடை. அறிவித்தல் சொல்லும் 80 கிலோமீற்றரில் 300 கிலோகிராம். நான்கு ஆட்கள் ஒரே கணத்தில் பாய்மரத்தின் நடுவில் தொங்கி இழுத்தால் எப்படி, அப்படி. அந்த இழுவைக்கு ஒரு சிறு வள்ளம் ஈடுகொடுக்காது. பாயைப் பாதியாகச் சுருட்டினால் விசையும் பாதியாகும். முழுவதும் இறக்கிவிட்டால் மரமும் படகின் விலாவும் மட்டுமே காற்றுக்கு அகப்படும்.

பௌதிகப் புத்தகம் பார்க்காமலே இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நம் கடலில் இருந்தார்கள். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து பருவந்தோறும் மன்னார்ப் பெருநிலக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவர்கள் ஊர்ப் படகான ஒருவாவுக்கு ஒரு பக்கம் நீண்ட மிதவைக் கட்டை இருக்கும். அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும்படி ஓட்டுவார்கள். காற்று கூடினால் கட்டை நீரைவிட்டு எழும்பும். உடனே ஒருவர் இணைப்பு மரத்தில் ஏறிக் கட்டையை நோக்கி வெளியே போய் உட்கார்ந்து தன் உடலையே எடையாக்குவார். இன்னும் கூடினால் இரண்டாம் ஆள், பிறகு மூன்றாம் ஆள். காற்றின் பலத்தையே ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று, மூன்று ஆள் காற்று என்று சொல்லும் வழக்கத்தை வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுகோலின் சிறப்பு, அது காற்றை மட்டும் சொல்லி நிற்காமல் காற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது.

எதிர்க்கரையில் இதற்கு இன்னொரு விடை கண்டார்கள். பாக்கு விரிகுடாவின் தமிழ்நாட்டுக் கரையில் ஓடிய வத்தை என்ற மூன்று பாய்மரப் படகுக்கு மிதவை கிடையாது. படகின் குறுக்கே ஒரு நீண்ட தடித்த பலகையைப் போட்டு, அதன் தலைப்பைக் காற்று வரும் பக்கம் வெளியே நீட்டி, காற்றுக்கு ஏற்ப ஆட்கள் அதில் ஏறி உட்கார்வார்கள். படகு திரும்பும்போது பலகையையும் அடுத்த பக்கம் தள்ள வேண்டும். இந்தப் படகுகளை அளந்து, வரைந்து, எழுதி வைத்தவர்களில் ஜேம்ஸ் ஹோர்னல் முக்கியமானவர். மன்னார் முத்துப் பார்களை ஆராய 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மனோடு இலங்கைக்கு வந்தவர் அவர். பிற்பாடு சென்னை மாகாண மீன்துறையின் தலைவரானார். முத்துச் சிப்பியைத் தேடி வந்த மனிதர் அந்தச் சிப்பியை ஏற்றிவந்த படகுகளின்மேல் காதல் கொண்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வத்தையின் பலகை இன்று பலருக்குக் கேள்விப்படாத பொருளாகிவிட்டிருக்கும்.

முத்துக்குளிப்பே காற்றின் நேரத்தை அறிந்து செய்த தொழில்தான். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்புச் சலாபம் கூடியது மாசி, பங்குனியில், வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத அந்தச் சிறு இடைவெளியில். 1803 இல் வெளியான நூலில் ராபர்ட் பெர்சிவல் அன்றாட ஒழுங்கை விவரித்திருக்கிறார். இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி முழங்கும். நிலக்காற்று தள்ள, படகுகள் ஒன்றாகப் பாய் விரித்துப் புறப்படும். விடியுமுன் பாரை அடையும். சூரியன் எழுந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழும்பினால் அதுவே வேலையை நிறுத்தும் மணி. அதே காற்றில் கரை திரும்புவார்கள். ஒவ்வொரு படகிலும் ஏறத்தாழ இருபது பேர், அவர்களுக்கு மேல் ஒரு தண்டேல். 1905 இல் நடந்த பெரிய சலாபத்தில் 300 க்கு மேற்பட்ட படகுகள் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை அள்ளின. பிற்பகல் இடிமேகம் எழுமுன் கடலை விட்டு வெளியேறும்படி அமைந்த அட்டவணை அது. சிப்பி இன்னும் கிடைக்கிறதே என்று தண்டேல் தங்கிவிட முடியாது.

பாய் ஓட்டிய தலைமுறையிடம் இருந்த இன்னொரு பழக்கம் தாமானைப் பற்றியது. பாயின் கீழ் மூலையிலிருந்து வந்து, பாயை இழுத்தும் தளர்த்தியும் கொடுக்கும் கயிறு தாமான். அதைப் படகில் இறுகக் கட்டிவிட்டால் கை ஓயும், வேறு வேலை பார்க்கலாம். ஆனால் திடீர்க் காற்று அடிக்கும் கணத்தில் முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது. இழுவை ஏறிய முடிச்சு இறுகிக்கொள்ளும். தாமான் கையில் இருந்தால் விரலைத் திறந்தால் போதும், பாய் கொடி போலப் பறந்து காற்றை வெளியே விட்டுவிடும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு, அதன் பக்கத்தில் உறையில்லாத கத்தி. பாயைத் தாங்கும் பருமலை இறக்கும் கயிறும் சிக்கில்லாமல் சுருட்டிக் கிடக்க வேண்டும். உலகில் சிறு பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் இன்றும் முதல் நாள் பாடங்களில் ஒன்று இது.

பெரிய கப்பல்களுக்கும் இதே பாடம்தான். 1986 மே 14 அன்று புவெர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே ‘பிரைட் ஒஃப் பால்ட்டிமோர்’ என்ற அமெரிக்கப் பாய்க்கப்பல் ஒரு திடீர்க் காற்றில் சாய்ந்து மூழ்கியது. பன்னிரண்டு பேரில் நால்வர் மாண்டார்கள். 2024 ஆகஸ்ட் 19 விடியற்காலை சிசிலிக் கரையில் நங்கூரமிட்டிருந்த ‘பேய்சியன்’ என்ற 56 மீற்றர் ஆடம்பரப் படகு, ஒரு பாய்கூட விரிக்காத நிலையில் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தனர். எழுபது மீற்றருக்கு மேற்பட்ட அதன் தனி மரமே காற்றுக்கு அகப்படப் போதுமானதாக இருந்தது. 2010 பெப்ரவரியில் பிரேசில் கடலில் மாணவர்களோடு கவிழ்ந்த ‘கொன்கோர்டியா’வில் இருந்த 64 பேரும் தப்பினார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த கனடிய விசாரணைச் சபை கண்டது கவனிக்க வேண்டியது. காற்று அசாதாரணமானதாக இருந்திருக்க வேண்டியதில்லை. மழைமேகம் நெருங்குவது தெரிந்தும் பாயைக் குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்கவில்லை. மன்னாரின் பதினெட்டு அடி வள்ளத்துக்கும் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

நம் நாட்டிலும் இரண்டு நாட்கள் மறக்கக் கூடாதவை. 2011 நவம்பர் 25 அன்று தெற்கே மாத்தறை, வெலிகமப் பக்கம் வீசிய காற்றில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. 2013 ஜூன் 8 அன்று தென்மேல் கரையில் எழுந்த காற்றில் 40 க்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர் இறந்தார்கள். முன்னறிவித்தல் வந்து சேரவில்லை என்று அந்தக் கரைகளில் கோபம் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அறிவித்தல் வரும் நாட்களிலும் அது படகுவரை போய்ச் சேர்கிறதா, சேர்ந்தாலும் கேட்கப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி.

1960 களிலிருந்து வெளியிணைப்பு எஞ்சினும் கண்ணாடியிழைப் படகும் நம் கரைகளுக்கு வரத் தொடங்கின. உழைப்பு குறைந்தது, தூரம் கூடியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாய் ஓட்டுபவர் நாள் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், காற்று அவருடைய எரிபொருள். எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வானத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. எஞ்சின் சத்தத்தில் தூரத்து இடியும் கேட்காது. அந்த எஞ்சினும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியதை மன்னார்க் கரை மறக்கவில்லை. எண்ணெய் தீர்ந்த படகில் ஒரு சிறு பாயும் அதை ஓட்டத் தெரிந்த கையும் இருந்தால் வீடு திரும்பலாம். பாயை அறியாத கை அவசரத்துக்குக் கம்பில் படங்கைக் கட்டினால் அதுவே படகைக் கவிழ்க்கும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அதைக் கரையில் நின்று குறை சொல்வது எளிது. கடலில் வலை கிடக்கிறது. கடன்பட்டு வாங்கிய வலை. விட்டுவிட்டு வந்தால் இரவில் இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் மன்னாரில் வெறும் பயமல்ல, அனுபவம். ஆகவே கருங்கோடு தெரிந்த பிறகும் இன்னும் பத்துப் பாகம் இழுத்துவிடுவோம் என்று கை போகும். ஈர வலையும் மீனும் ஒரு பக்கம் குவிய, ஆட்களும் அதே பக்கம் சாய்ந்து இழுக்க, படகு ஏற்கெனவே பாதி சாய்ந்த நிலையில் காற்றைச் சந்திக்கிறது.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்யலாம்? முதலாவது, உயிர்காப்பு அங்கி. காற்று அடித்த பிறகு அதைத் தேடி எடுத்துப் பட்டி கட்ட முடியாது. பாயை இறக்கி, பருமலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, முடிந்தால் மரத்தையும் சாய்த்துவிட வேண்டும். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கலன் எல்லாம் படகின் அடியில், நடுவில், உருளாதபடி. படகுக்குள் கிடக்கும் தண்ணீரை இறைத்துவிட வேண்டும். படகு சாயும்போது அந்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். ஆட்கள் பலகையில் உட்காராமல் அடித்தளத்தில் உட்கார வேண்டும். நிற்கவே கூடாது. படகின் முன்பக்கமான அணியம் காற்றை நோக்கி இருக்க வேண்டும். எஞ்சின் இருந்தால் மெல்ல முன்னோக்கி ஓடவிட்டு அப்படியே பிடித்து வைக்கலாம். இல்லாவிட்டால் அணியத்திலிருந்து நங்கூரம். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பத்து, பன்னிரண்டு மீற்றருக்கு மேல் ஆழமில்லாததால் கயிறு நீளமாக இருந்தால் நங்கூரம் பிடிக்கும். நங்கூரமும் பிடிக்காத இடத்தில், கடலில் கிடக்கும் வலையின் தலைப்பையே அணியத்தில் கட்டிவிட்டால் அது இழுவையாக நின்று படகைக் காற்றுக்கு நேராக வைத்திருக்கும். இரவில் வலை விட்டுக் காத்திருக்கும் படகுகள் அன்றாடம் செய்வதுதான் இது. படகின் விலா காற்றுக்குக் குறுக்கே திரும்பிவிடக் கூடாது, அதுதான் முக்கியம். ஆழமில்லாத கடலில் அலை உயரத்தைவிடச் செங்குத்தே ஆபத்து. குட்டையான, நெருக்கமான, செங்குத்தான அலை விலாவில் மோதினால் காற்று தொடங்கியதை அலை முடித்துவிடும்.

அப்படியும் கவிழ்ந்துவிட்டால் படகை விட்டுப் போகக் கூடாது. தலைகீழாக மிதக்கும் படகு தூரத்திலிருந்து தெரியும். தனித் தலை தெரியாது. கரையில் காற்றாலை தெரிகிறதே, நீந்திப் போய்விடலாம் என்று புறப்படுபவர் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். தட்டையான நிலத்தில் நிற்கும் உயர்ந்த கோபுரம் எப்போதும் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு படகைப் பற்றியிருப்பதே நல்லது. உறையிட்ட கைத்தொலைபேசி ஒன்றும் ஒரு விசிலும் அங்கியோடு கட்டியிருந்தால் உதவி கேட்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. ஆனால் எந்தக் கடலுக்குப் போனோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எந்தத் தொலைபேசியையும்விட மேல். இரண்டு படகாகச் சேர்ந்து போவது அதனினும் மேல்.

இதில் பெரும்பகுதி பெரியவர்களுக்குத் தெரிந்ததே. தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் பள்ளிமுனையிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள், பாய் ஓட்டிய கைகள் அவர்களுடையவை. பேரப்பிள்ளைகள் முதன்முதலாகக் கடலுக்குப் போகுமுன் ஒரு பிற்பகல் அவர்களைக் கரையில் உட்காரவைத்து, மேகத்தையும் கருங்கோட்டையும் அடையாளம் காட்டச் சொல்லுங்கள். கடற்றொழிலாளர் சங்கங்கள் அதைப் பாடமாக்கலாம். பேசாலை ஆலயத்துக்கும் எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலுக்கும் ஒலிபெருக்கி இருக்கிறது. திணைக்களத்தின் அறிவித்தலில் ‘தற்காலிகமாக’ என்ற சொல் வரும் நாளில், படகு இறங்கும் நேரத்தில், அதை ஒருமுறை உரக்கச் சொல்லட்டும். கடலுக்குப் போகிறவர்களே, உயிர்காப்பு அங்கியைப் படகுக்குள் சுருட்டி வைக்காமல் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.